ஆயிரம் மீட்டருக்கு மேலே

"மிலோய்கா க்ரவான்யா. மலைநடை வழிகாட்டி, முதல் தரம். விரைந்து முடிவெடுப்பவர். நேர அட்டவணையில் விட்டுக்கொடுக்காதவர். குழுவைக் கண்டிப்புடன் நடத்துபவர்."

மலையேற்றச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், புகைப்படத்துக்குக் கீழே இப்படித்தான் எழுதியிருக்கிறது. மற்ற மூன்று வழிகாட்டிகளின் படத்துக்குக் கீழேயும் இதே வாசகம்தான். சங்கச் செயலாளருக்குச் சொற்சிக்கனம் அதிகம். புகைப்படத்தில்கூட மிலோய்கா காமிராவைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே எதையோ, அநேகமாக ஒரு மேகத்தை, பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஊர் நூலகத்தில் வேலை. திரும்பி வந்த புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனால் நின்றபடியே பாதியைப் படித்துவிட்டுத்தான் வைப்பாள். மலையிலும் அதே கதைதான். பாதை தெரியாமல் ஒருநாளும் நின்றதில்லை. பாதை தெரிந்து நின்ற இடங்கள்தான் ஏராளம். அவளோடு போனவர்கள் யாரும் இதுவரை விழுந்ததில்லை, நேரத்துக்கு வீடு திரும்பியதும் இல்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவள் கட்சி.

இந்த முறை லெபேனா பள்ளத்தாக்கிலிருந்து கர்ன் ஏரிக்கு ஒருநாள் நடை. வழக்கமாக அவள் பின்னால் கடைசியாக ஏறும் டாக்டர் ரிஹார்ட் உர்ஷிச் அன்று வேனிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். மனைவி இறந்தபின் மிலோய்காவின் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் பல வருடங்களாகத் தனியாக இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அவள் கதவருகே ஆப்பிள் கூடை வைத்துவிட்டுப் போவார். அந்த ஆப்பிளையே மாவில் சுருட்டிச் சுட்டு அவர் கதவருகே அவள் வைப்பாள். படிக்கட்டில் பார்த்தால் "வணக்கம் அம்மணி", "வணக்கம் டாக்டர்", அவ்வளவுதான். காதல் என்று சொன்னால் இருவருமே மறுப்பார்கள். அவர்கள் மறுக்கும் வேகத்தைப் பார்த்தே ஊர் நம்பிவிடும்.

ஊரில் டாக்டர் யாரையும் நீ என்று சொன்னதில்லை. பிரசவம் பார்க்கப் போன பசுவிடம்கூட "கொஞ்சம் நகருங்க" என்பாராம். வரும் திங்கட்கிழமை அவர் நாட்டின் மறுகோடியிலுள்ள மகள் வீட்டுக்கு நிரந்தரமாகப் போகிறார். அட்டைப் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மேல்மாடியில் டேப் ஒட்டும் சத்தம் ஒரு வாரமாக மிலோய்காவின் கூரையைக் கிழித்துக்கொண்டிருந்தது. போகாதீர்கள் என்று படிக்கட்டில் நின்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்தப் படிக்கட்டு வணக்கத்துக்கு மட்டுமே பழகியது.

மலையில் சொல்லலாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் எல்லோரும் எல்லோருக்கும் நீ. நீதிபதியானாலும் பாதிரியாரானாலும் அங்கே வெறும் பேர்தான். மலைக்காரர்கள் யாரும் இதை எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

முதலில் ஷூனிக் அருவிகள். ஒரே அருவி என்று சொல்ல முடியாது. சாம்பல் பட்டை பீச் மரக் காட்டுக்குள் ஓடை தனக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் குதிக்கிறது. பாசி மூடிய பாறைமேல் வெள்ளையாக விழுந்து, கீழே பச்சையாகத் தேங்கி, என்ன அவசரம் என்று யோசித்துவிட்டு மறுபடி விழுகிறது. மரப்பாலத்தில் மிலோய்கா நின்றாள். சாரல் கண்ணிமையில் படிந்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது, பாலம்தான் மேல்நோக்கி மெல்லப் போகத் தொடங்குகிறது. அவள் நெடுந்தூரம் போய்விட்டாள்.

"ஏம்மா வழிகாட்டி!" பள்ளிச் சமையல்காரி பெப்ட்சா பின்னாலிருந்து கத்தினாள். "ஏரிக்குப் போறமா, இல்ல இங்கயே குடித்தனம் வைக்கப் போறமா? வைக்கிறதுன்னா சொல்லு, நான் அடுப்பு பத்த வைக்கிறேன்."

"தண்ணி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு இருந்தேன்."

"என்ன சொல்லுது?"

"இன்னும் முடிக்கல."

"அது முடிக்காதும்மா. எங்க மாமியார் மாதிரி."

அருவிகளுக்குப் பிறகு பழைய போர்க்காலப் பாதை தொடங்குகிறது. கோவேறு கழுதைகளுக்காகச் சிப்பாய்கள் போட்டது. செங்குத்தை வளைத்து வளைத்து, தூக்கம் வருமளவு சாவகாசமாக ஏறும். சண்டைக்காகப் போட்ட பாதையில் இத்தனை பொறுமை எப்படி வந்தது என்பது அவளுக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. ஒரு வளைவில் வயிறு பெருத்த பாறை ஒன்று உண்டு. ஆயிரம் மீட்டர் அங்கேதான் என்பது சங்கத்தின் தீர்ப்பு. அதைக் கடந்ததும் புதிதாக அறிமுகமாவதுபோல ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பேரைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டினார். "நான் ரிஹார்ட்."

"தெரியும். ராத்திரியெல்லாம் என் தலைக்கு மேலதான நடக்கிற."

அவர் காதுகள் சிவந்தன. "உனக்கு... உனக்குக் கேட்குமா?"

"பச்சக் குழந்த மாதிரி பேசப் பழகுறாரு பாருங்க," என்றாள் பெப்ட்சா. "ரிஹார்ட், என் கையையும் பிடி, கடிக்க மாட்டேன்."

நண்பகலுக்கு முன்பே ஏரி வந்திருக்க வேண்டும். மிலோய்காவோடு போனதால் நண்பகலுக்குப் பின்னால் வந்தது. மலைக்குடிலில் புளித்த கோசும் பீன்சும் போட்ட சூப்பை எல்லோரும் வழித்துக் குடித்துவிட்டுப் புல்சரிவில் சாய்ந்தார்கள். ஏரி, தூங்கும் பூனையைப்போல, அசையாமல் கிடந்தது. பனிமூட்டம் ஒருபக்கக் கரையை எடுத்துக்கொண்டு போய்விட்டுச் சற்று நேரத்தில் திருப்பி வைத்தது. அப்படி வைத்தபோது கரையில் சில பசுக்கள் முளைத்திருந்தன. கழுத்து மணிகள் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒலிப்பதுபோல வந்தன.

ஒரு புள்ளிப்பசு நேராக டாக்டரிடம் வந்து முழங்கையை நக்கியது. அவர் அதன் நெற்றியைத் தடவினார்.

"ஷேகா, நீயா? காலு சரியாயிடுச்சா உனக்கு?"

பெப்ட்சா புல்லில் உருண்டாள். "மாட்டைப் போயி நீங்கிறாரே! இன்னைக்கு மழை வரும், எல்லாரும் கோட்டைப் போடுங்க!"

டாக்டரும் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து மிலோய்கா பார்த்ததில்லை. கூரை வழியாகக் கேட்டதும் இல்லை. பெப்ட்சா கால் நனைக்கப் போனபிறகு அவர் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

"என் பொண்ணு ஊரு முழுக்கத் தட்டை. முட்டைகோசுத் தோட்டம்தான் கண்ணுக்கெட்டுற வரைக்கும். அங்க யாரையும் நீன்னு கூப்பிட ஒரு மேடுகூடக் கிடையாது."

மிலோய்கா மல்லாந்து கிடந்தாள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் இடமுண்டு. அங்கிருந்து பேசினால் குரல் வேறு யாருடையதோபோல இருக்கும்.

"போகாத."

மணிகள் ஒலித்தன. மூட்டம் கரையை எடுத்துக்கொண்டது.

"இது மேல சொன்னது," என்றார் அவர்.

"ஆமா."

"கீழயும் சொல்லுவியா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மேலே சொன்னது கீழே செல்லாது. அதுவும் வழக்கம்தான். ஒருமுறை ஒரு தச்சன் இதே கரையில் அவுரிநெல்லிச் சாராயத்தின் தயவில் தன் டிராக்டரை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். கீழே வந்ததும் இல்லை என்றான். ஊர் தச்சன் பக்கம் நின்றது. நண்பனும் அதை ஏற்றுக்கொண்டு மறுநாள் வைக்கோல் ஏற்ற அந்த டிராக்டரை இரவல் வாங்கிப்போனான். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மலையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மிலோய்காவும்தான்.

இறங்கும்போது அவள் நடந்ததை நடை என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்க்க ஏதாவது இருந்தது. இல்லாதபோது அவள் கண்டுபிடித்தாள். வழிகாட்டியை முந்துவது மரியாதையில்லை என்பதால் குழு அவள் முதுகுக்குப் பின்னால் கொட்டாவி விட்டபடி நின்றது. வயிறு பெருத்த பாறைக்கு வந்ததும் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

பெப்ட்சா பொறுக்க முடியாமல் பாறையைத் தாண்டிப்போய், அந்தப்பக்கம் நின்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். "வாங்க டாக்டர் ஐயா, கீழ் உலகத்துக்கு வாங்க."

டாக்டர் ஒரு நிமிடம் மிலோய்காவைப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு தாண்டினார். அவளும் எழுந்து தாண்டினாள்.

"பாத்து வாங்க அம்மணி, இங்க கல்லு வழுக்கும்," என்றார்.

கல் வழுக்கவில்லை. அவள் நெஞ்சுதான் சறுக்கியது.

அருவிகள் வந்தன. காலையில் குதித்த அதே தண்ணீர் மாலை வெளிச்சத்தில் பால்போலக் கலங்கி விழுந்துகொண்டிருந்தது. இந்த இரைச்சலில் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். யார் காதிலும் விழாது. யார் காதிலும் விழாததைச் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது? வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பாலத்தில் நிற்காமல் நடந்தாள். பின்னால் வந்தவர்கள் உடம்பு சரியில்லையோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் எல்லோரும் காலணியைக் கழற்றி, புண்பட்ட விரல்களைப் பற்றி ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க அம்மணி."

மிலோய்கா ஏறவில்லை. ஓட்டுநர் இஞ்சினைப் போட்டார். அவள் கையைக் காட்டி அணைக்கச் சொன்னாள். அணைத்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் அமைதியாகிவிட்டது. ஒரு காலில் காலுறையோடு பெப்ட்சா நிமிர்ந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் பேருந்தில் ஏறாததும், மகளிடம் தொலைபேசியில் நெடுநேரம் திணறியதும், அட்டைப் பெட்டிகளை மறுபடி கிழித்ததும் அவர் செய்தவை. மிலோய்கா செய்தது இவ்வளவுதான்: லெபேனாவில், ஆயிரம் மீட்டருக்கு வெகு கீழே, குழு முழுவதும் கேட்க, "ரிஹார்ட், நீ போகாத" என்று சொன்னாள்.