சந்துக்குள் வராத குதிரை

ஒலேட்டா என் தங்கை மகள். பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் வேகவைத்தே இடுப்பு வளைந்தவள். ஓக்லஹோமாவில் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேரைப் போல இவளும் பீப்பாய்ப் பந்தயக்காரி. மைதானத்தில் வைத்த மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றிவிட்டுத் திரும்பப் பறந்து வரவேண்டும், அவ்வளவுதான் பந்தயம். சிறுமியாக இருந்தபோது தொடங்கியவள், எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தயத்தை ஒரு வருடம்கூட விட்டதில்லை. கல்யாணம் ஆன வருடமும் ஓடினாள், புருஷன் விட்டுப்போன வருடமும் ஓடினாள்.

இந்த வசந்தத்தில் அவள் குதிரைக்குக் குளம்பில் நோய் வந்து நொண்டியாகிவிட்டது. திருவிழாவுக்குள் வேறு குதிரை வேண்டும். சனிக்கிழமை ஆனால் வண்டியில் குதிரை ஏற்றும் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு நானும் அவளும் கிளம்பிவிடுவோம். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய் நிற்பது அவள் வழக்கம். குதிரை விற்கும் ராஸ்கோ வீட்டுக்கு அப்படிப் போனபோது, அவன் காட்டிய குதிரை வயிற்றடியெல்லாம் நனைந்து நின்றது.

"காலையிலேயே குளிப்பாட்டினீங்களா?" என்றாள்.

"வெயில்மா, வேர்த்திருச்சு."

"வயித்துக்கு அடியில மட்டுமா வெயில் அடிக்குது?"

முரட்டுக் குதிரையை ஓட்டிக் களைக்க வைத்துவிட்டுச் சாதுவென்று காட்டுகிறான். திரும்பினோம். அப்படியே பல வீடுகள்.

கடைசியில் வெண்டல் வீடு. அவளுடைய சித்தப்பா மகன். அவன் பழுப்புக் குதிரை வீட்டுக் கொல்லையில் பீப்பாயைச் சுற்றிய அழகில் ஒலேட்டா முகம் பல மாதம் கழித்து மலர்ந்தது. ஆனாலும் கேட்டாள்.

"திருவிழா நடக்கிற சந்தை மைதானத்துக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போய்ப் பார்த்துடறேன்டா."

அவன் பெண்டாட்டி நடீனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சொந்தத்துக்குள்ளயே சோதனையா? நாங்க என்ன நாடோடி யாவாரியா?"

"யாவாரியா இருந்தா கேக்கவே மாட்டேன் நடீனு. பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்."

மைதானத்துக்குள் நுழைய இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சந்து. அங்கே வந்ததும் குதிரை நடுங்கியது, பின்வாங்கியது, முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. மேலே உட்கார்ந்திருந்த ஒலேட்டா கம்பியில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான்க்கா இப்படி. எதையோ பார்த்து மிரண்டிருச்சு," என்றான் வெண்டல்.

"உன்னை எத்தனை தடவை தள்ளிச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "மூணு. நடீனை ஒருதடவை. இன்னும் அவளால குனிய முடியலை. சொன்னா எவன் வாங்குவான்?"

சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். என் அண்ணனும் பெரிய அக்காவும் ஒரு காளைக்காகப் பேச்சை விட்டவர்கள், அம்மா சாவில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒலேட்டாவோ மேல்கம்பியில் ஏறி உட்கார்ந்து முழங்கை ரத்தத்தைத் துடைத்தாள்.

"மாமா, எனக்கு அலுத்துப்போச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் குதிரைக்கு உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. என்னன்னு தெரியாம வாங்கணும். இதுக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு."

"திருவிழாவுக்கு ஆகாதேம்மா."

"ஆகாதுதான்." வெண்டலைப் பார்த்தாள். "பாதி விலைடா. மறுபேச்சுப் பேசக் கூடாது."

அவன் கயிற்றை அவள் கையில் கொடுத்தான்.

திருவிழாவில் முதல் தடவையாக அவள் பந்தயம் ஓடாமல் என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். குச்சியில் செருகிய சாஸேஜ் இறைச்சியைக் கையில் பிடித்தபடி, சின்னப் பெண்கள் ஓடுவதைப் பார்த்தாள். அது ஆறிப்போனது, தின்னவில்லை.

கூட்டமெல்லாம் போன மறுநாள் சாயங்காலம் குதிரையை அதே சந்துக்குக் கொண்டுபோனாள். ஏறவில்லை, கையில் பிடித்து நடத்தினாள். பாதி வழியில் அது நின்றது. அவளும் நின்றாள். கயிற்றை இழுக்கவில்லை, அதட்டவில்லை. கயிறு தொங்கிக் கிடக்க, இரண்டு பேரும் கம்பிகளுக்கு நடுவே சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நகர்வதற்குள் வண்டியில் காத்திருந்த எனக்குக் கண் சொக்கிவிட்டது.