முழுசா, கொஞ்சமா, இல்லவே இல்லையா?

போன வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அக்கா மகன் ரகு மெட்ராசில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறான். மக்களுக்கு அரசாங்கத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று வீடு வீடாகப் போய் அளக்கிறார்கள். ஆமாம், அளக்கத்தான்! அச்சடித்த பாரம், மூன்று கட்டம் – முழுசா, கொஞ்சமா, இல்லவே இல்லையா? ஏதாவது ஒன்றில் 'டிக்' அடிக்க வேண்டும். ஊர் தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

தொழிற்பேட்டைக்கு இடம் எடுக்கிற காலனி அது. கூலி வேலைக்குப் போகும் அஞ்சலையின் குடிசை வாசலில் நின்று கேள்வியைப் படித்தான். அவள் கண் அவன் பேனா மேலேயே இருந்தது.

"முழுசாத்தான் சார். முழுசான்னு எழுதிக்கினீங்களா? கைநாட்டு வைக்கணுமா?"

"வேணாம்மா," என்றான் ரகு, பூரிப்போடு. தெரு முழுக்க இதே பதில்தான்!

அஞ்சலை உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அதற்குள் ஒரு தாள். குடிசையைக் காலி செய்தால் வேறு மனை தருவதாக அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம். மனையை இன்னும் யாரும் காட்டவில்லை. குடிசையை மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

படிக்க ரகு கை நீட்டினான். அவள் தாளை விடவில்லை.

"படிங்க சார். இந்த முனைய நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

"நான் என்ன, எடுத்துக்கிட்டு ஓடிடுவேனா?"

"ஆபீசுலயும் இப்டித்தான் சொன்னாங்க. 'வெச்சிட்டுப் போ, பாக்குறோம்'னாங்க. எதிரூட்டு முனியம்மா குட்த்துட்டு வந்தா. இப்ப போய்க் கேட்டா, 'இன்னா காயிதம்?'ன்றாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைக்காகக் கையேந்தி நிற்பவளிடம் போய், 'என்னை நம்புகிறாயா?' என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? பயத்தை அளந்துவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்கிறீர்களே... வெட்கமாக இல்லை? ரகுவிடமே கேட்டுவிட்டேன்.

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அம்மா, நான் கவர்மென்ட் ஆள் இல்லை. மனை விஷயம் என் கையில இல்லை," என்று அஞ்சலையிடம் உண்மையைச் சொன்னான்.

"கவர்மென்ட் இல்லியா? அப்ப அத்த அடிச்சிடு சார். இல்லவே இல்லன்னு போடு."

ரகு பேனாவைத் திறந்தான். அதற்குள் அவளே பதறிப் போய்த் தடுத்தாள்.

"வாணாம் சார்... அடிச்சது தெரியும் இல்ல? யாருனா பாத்துட்டா மனை போயிடும். முழுசாவே இருக்கட்டும்."

அறிக்கை சீக்கிரம் அச்சாகி வரும். நாமெல்லாம் அரசாங்கத்தை எவ்வளவு நம்புகிறோம் என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம்!