டிரோம்சோவுக்குப் போக ஒரு காரணம்

எரியோட்டைச் சேர்ந்த அமலராணி, திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தாள். தினமும் நூற்றிருபது பேருக்கு உலை வைப்பாள். கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தம்பி சூசைராஜின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் இங்ரிட் நார்வே நாட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டுப் போட்டபடியே அவர்கள் பேசும் தமிழைக் கற்றுக்கொண்டவர். மதியமானால், "இன்னைக்கு என்ன வெஞ்சனம் ராணி?" என்று கேட்டுக்கொண்டே சமையல்கட்டுக்கு வந்து, பலகையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். 1981-ல் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான டிரோம்சோவுக்குத் திரும்பினார். வட துருவத்தை நெருங்கி, கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிற நகரம் அது.

அங்கிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதம் வரும். கொட்டை கொட்டையான தமிழ் எழுத்து. ஒவ்வொன்றிலும், ஊருக்கு வா என்ற அழைப்போடு வருவதற்கு ஒரு காரணமும் இருக்கும். குளிர்காலத்தில் வானத்தில் பச்சை ஒளி திரை மாதிரி ஆடும் என்று எழுதினார். கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறையவே மறையாது என்று எழுதினார். 'எரியோட்டு வெயில் பகலோடு போவதே பெரிய புண்ணியம், ராத்திரியும் எதற்கு?' என்று அமலராணி பதில் போட்டாள். கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி மலை உச்சிக்குப் போகலாம் என்று அடுத்த கடிதம் வந்தது. பழனியில் விஞ்ச் இருக்கிறது, அதிலேயே தான் இன்னும் ஏறவில்லை என்று இவள் எழுதினாள்.

1985 ஏப்ரலில் வந்த கடிதம் சின்னதாக இருந்தது. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாகவும், இப்போது தேறிவிட்டதாகவும் இங்ரிட் எழுதியிருந்தார். கீழே இன்னும் நான்கு வரி. 'இங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை. மறந்துகொண்டு வருகிறேன். நேற்று ஒரு வார்த்தையை நாள் முழுவதும் தேடினேன், கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் பாதி அந்த மொழியில் இருக்கிறது, ராணி.'

அமலராணி கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னாள்.

"நான் சிஸ்டரைப் பாத்துட்டு வாரேன்ப்பா."

"எங்க, நார்வேக்கா? திண்டுக்கல்லத் தாண்டினா மதுரை, அதுக்கு மேல நீ போனதில்லையேக்கா. இம்புட்டுத் தூரம் யாரு கூட்டிட்டுப் போறது?"

"அவங்க வரும்போது யாரு கூட்டியாந்தா? கேட்டுக் கேட்டு வந்தாங்கல்ல."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட சூசைராஜே அலைந்தான். விசாரிக்க வந்த ஏட்டையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"என்ன காரியமாப் போறீங்கம்மா?"

"ஒருத்தவங்களுக்குத் தமிழ் மறந்து போகுதாம். கொஞ்ச நாள் கூட இருந்து பேசிட்டு வரணும்."

ஏட்டையா பேனாவைத் தூக்கியபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார்.

டிக்கெட்டை இங்ரிட்டின் சர்ச்சுக்காரர்கள் அனுப்பினார்கள். அமலராணி 1986 ஜனவரி முதல் வாரம் கிளம்பினாள். நார்வே மொழியில் இங்ரிட் எழுதியனுப்பிய சீட்டைக் கழுத்துப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் அதை நீட்டி, மூன்று விமானம் மாறிப் போய் இறங்கினாள். அங்கே மதியம் ஒரு மணிக்கு, நம் ஊரில் பொழுது விடிவதற்கு முன்னால் இருப்பது போல நீலமாக இருந்தது. நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் இன்னும் வரவில்லை என்றார்கள்.

இங்ரிட் தடியை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்தார். "வா… வாங்க" என்றார். அதற்குமேல் வார்த்தை வராமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

அமலராணி பாடம் எதுவும் நடத்தவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டு அந்த ஊர் மீனில் குழம்பு வைத்தாள். ஆஸ்பத்திரியில் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் வீடு திரும்பினார், புது டாக்டர் எப்படிக் கத்துகிறார் என்று பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் தலையை மட்டும் ஆட்டிய இங்ரிட் நாலாம் நாள் இடையில் புகுந்து கேள்வி கேட்டார். பத்தாம் நாள், "அம்புட்டு உப்பு எதுக்குப் போட்ட?" என்று சண்டைக்கு வந்தார். அமலராணிக்குச் சந்தோஷத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை. விழுந்ததிலிருந்து பனிக்காலத்தில் இங்ரிட் வாசலைத் தாண்டுவதில்லை. ஜனவரி இருபத்தோராம் தேதி சூரியன் திரும்பி வரும் நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அன்று கொண்டாட்டம். உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த பன்னை ஊரே தின்னும்.

"கிளம்புங்க சிஸ்டர், சூரியனப் பாத்துட்டு வருவோம்."

"எனக்குப் பயமா இருக்கு ராணி. மறுபடி விழுந்தா எந்திரிக்க மாட்டேன்."

"எங்கையப் பிடிச்சுக்கங்க. நான் விடமாட்டேன்."

இருவரும் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். பத்து வீடு தாண்டியதும், நம்பிக்கையாக எட்டு வைத்த அமலராணியே சறுக்கினாள். இங்ரிட்டும் தன்னோடு விழுந்துவிடக் கூடாதென்று சட்டெனத் தன் பிடியை விட்டு, பனிக்குவியலில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். புடவைக்கு மேல் போட்டிருந்த கோட்டெல்லாம் வெள்ளை. தடியில் சாய்ந்து நின்ற இங்ரிட் பதறிப் பார்த்தார். அடி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஒரு கையை நீட்டி அவரேதான் இவளைத் தூக்கிவிட்டார்.

கடற்கரைக்குப் போய் நின்றார்கள். தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது. நாலு நிமிஷம் இருந்திருக்கும். கூடியிருந்தவர்கள் எல்லோரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி அமைதியாக நின்றார்கள். அமலராணி பிறந்ததிலிருந்து வெயிலைத் திட்டியே பழகியவள். அன்று தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன்பின் இங்ரிட் தினமும் வெளியே நடந்தார். மார்ச் மாதம் அமலராணி கிளம்பியபோது, தடியில்லாமல் பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்பினார். இருவருமே அழவில்லை. ஊருக்கு வந்த அமலராணி ஒரு நாள் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், நூற்றிருபது பேருக்கு உலை வைத்தாள்.