வீராசாமியின் எழுத்தும் துபாஷி போட்ட கோடியும்

துணிக்கு மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வீராசாமி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பக்கத்துக் குப்பமான தோணிரேவிலிருந்து வந்தவர் சொன்னார். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஒரே பட்டறையில் அவரோடு உட்கார்ந்து சீட்டித்துணியில் சித்திரம் தீட்டியவன் நான். அவரை அறிந்த உங்களிடம் இதைக் கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கோட்டையிலிருந்து ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் அனுப்பும் மாதிரிப் பூக்களைத்தான் நாங்கள் வரைய வேண்டும். நம் ஊரில் யாரும் பார்த்திராத பூ, காய்க்காத பழம். வரைந்து வரைந்து எனக்குக் குமட்டும். வீராசாமியோ வேலை முடிந்ததும் ஒரு கிழிசல் துணியில் தனக்கென்று எழுத்து வரைவார். அகரத்தின் சுழியில் இறால் சுருண்டிருக்கும். ககரத்தின் கால் நண்டுக் காலாக மடங்கும். "இதை யாருய்யா வாங்குவா?" என்று கேட்டேன்.

"விக்கிறதுக்கு இல்ல. பகலெல்லாம் அவன் பூவைப் போடறேன். இது ஒண்ணுதான் நான்னு சொல்லிக்கறதுக்கு இருக்குது" என்றார்.

அதைத் துபாஷி பார்த்துவிட்டார். கோட்டைக்கும் நமக்கும் நடுவில் நின்று பேசியே வயிறு வளர்த்த மனிதர். தம் வீட்டு விரிப்பில் தம் பெயரை அந்த எழுத்தில் போடச் சொன்னார். "எம் பேரையே நான் அதுல எழுதல. உம்ம பேருக்கு இன்னா அவசரம்?" என்றார் வீராசாமி. துபாஷி கிழிசலைப் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாளே வீராசாமிக்கு வேலை நின்றது. கடைசிவரை ஏரியில் நண்டு பிடித்துப் பிழைத்தார்.

சாவு வீட்டில் உறவுக்காரர்கள் உடல்மேல் கோடித்துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். துபாஷியும் ஆட்களோடு வந்து ஒரு புதுத்துணியை அதன்மேல் விரித்தார். சீ, நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வீராசாமியின் எழுத்து, அதில் துபாஷியின் பெயர். வெளியூர் ஆளை வைத்துக் கிழிசலைப் பார்த்து வரையச் செய்திருக்கிறார். இறாலின் மீசையை நறுக்கிப் பூவாக்கியிருந்தார்கள். "அவர் கலைக்கு என் மரியாதை" என்று கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். பிணத்தையும் விடாத பிறவி.

வீராசாமியின் மனைவி மங்கம்மா எழுந்து அந்தத் துணியை உருவித் துபாஷியின் காலடியில் எறிந்தாள். "எதைத் தர மாட்டேன்னு எங்க வூட்டாரு பட்டினி கெடந்தாரோ, அதையே அவுரு மேல போத்துறியா? எடுத்துனு போ."

நேற்று துபாஷி எனக்கு ஆள் அனுப்பினார். அதே எழுத்தில் இன்னும் சில விரிப்புகள் வேண்டுமாம். பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்தானாம். வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினேன். வீராசாமியிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: அந்த எழுத்து முழுவதும் என் கைக்குத் தெரியும். ஒன்றைக்கூட வரைய மாட்டேன்.