தொட்டித் தண்ணீரின் கறுப்பு

அந்தக் கோடையில் நாங்கள் தண்ணீரை நம்பினோம். வேறு எதை நம்புவது என்று தெரியாமல் போயிருந்தது. யுத்தம் முடிந்தும் அரிசியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் வண்டிகள் நிற்கும் யார்டின் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிற கூலி. பதினைந்து வருஷமாகத் தலையில் கூடை. நான் ராயபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். அவருக்குக் கரி, எனக்கு ஈயம். இரண்டு பேரும் கறுத்த விரல்களோடுதான் சோற்றில் கை வைப்போம்.

அண்ணன் இருமினால் கறுப்பாக வந்தது. அது அந்த வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வருவதுதான். ஒருநாள் கறுப்பில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஊருக்கு வெளியே நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் படுக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்போது சித்திரை.

"அங்க போனவன் எவன்டா திரும்பி வந்தான்?" என்றார் அண்ணன். "கேட் வரைக்கும் நட்ந்து போறான். அப்பால தூக்கினு வர்றாங்க. நான் போ மாட்டேன்."

இந்த இடத்தில்தான் நான் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுவந்தேன். தண்ணீர் வைத்தியம் பற்றி முப்பத்திரண்டு பக்கம், எங்கள் அச்சகத்தில் அச்சானது. ஒவ்வொரு எழுத்தையும் என் விரல்தான் பொறுக்கி அடுக்கியது. மை சரியாகப் பிடிக்காமல் கழித்த பிரதி ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு செம்பு தண்ணீர். நெஞ்சில் ஈரத்துணிப் பட்டி, அதன்மேல் கம்பளி. தினமும் ஒரு வேளை, இடுப்பு மூழ்கத் தொட்டியில் உட்கார்ந்து அடிவயிற்றைத் துணியால் தேய்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் பகல் முழுக்க வெயிலும் காற்றும் படும்படி திறந்தே இருக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த விஷம் அதில் இறங்கும், இறங்க இறங்கத் தண்ணீர் கலங்கும், விஷம் தீர்ந்த அன்றைக்குத் தெளியும்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ நான் துன்ன கரி?"

"அதுவும் விஷம்தானே" என்றேன். ஈயம் படிந்த வாயால் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

துறைமுகத்தில் கழித்துப் போட்ட மரப்பீப்பாய் ஒன்றை அவருடைய தோஸ்து ஒருவர் உருட்டிக்கொண்டு வந்து, பாதியாக அறுத்துப் புழக்கடையில் போட்டார். யார்டு சுவர் ஓரம், நல்ல வெயில். அடிமரம் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. அண்ணி சாம்பல் போட்டுத் தேய்த்தும் அந்தக் கறுப்பு போகவில்லை.

தொட்டிக்கும் வீட்டுக்குமாக எட்டுக் குடம் வேண்டும். தெருக்குழாயில் வீட்டுக்கு நாலு குடம் என்று முறை. விடியற்காலையில் அண்ணி மறுபடியும் வரிசையில் போய் நின்றபோது பக்கத்து வீட்டம்மா விடவில்லை.

"இன்னாமே, உன் வூட்டுக்காரருக்கு ஜலக்கிரீடையா? தொட்டி கட்டி ராஜா மாதிரி உக்கார வெச்சிக்கிறியாமே."

"ராஜாதான். நீ வேணா வந்து முதுகு தேய்ச்சி வுடேன்" என்றாள் அண்ணி.

வரிசை சிரித்தது. சிரித்த பிறகு அந்தம்மாவே தன் முறையில் ஒரு குடம் விட்டுக்கொடுத்தாள். அடுத்தவள் ஒன்று. இப்படியே எங்கள் நாலோடு சேர்த்து எட்டு நிறைந்தது. அந்தக் கோடை முழுக்க எங்கள் தெருவில் நாலு வீடுகள் ஒரு குடம் குறைவாகத்தான் குடித்தன.

முதல் நாள் மாலை வேலை முடிந்து வந்தேன். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அண்ணன் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். துணியால் வயிற்றைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கறுத்தது. கொஞ்சம் அல்ல, அடுப்புக்கரியைக் கரைத்துவிட்ட மாதிரி.

"டேய்! பார்றா! அல்லாம் வெளிய வர்து!" என்று கத்தினார். அண்ணி ஓடிவந்தாள். மூன்று பேரும் அந்தக் கறுப்பைக் கோயில் தீர்த்தம் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினைந்து வருஷத்துக் கப்பல்கள் என் அண்ணனின் தோல் வழியாக ஒவ்வொன்றாகக் கரை இறங்குவதாக நான் நினைத்தேன். அன்றைக்கு அதை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன். எழுதத் தெரிந்தவனுக்கு அந்தச் சாபம் உண்டு.

தினமும் கறுத்தது. தினமும் சந்தோஷப்பட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டு புத்தகத்தின் நடுவில் அடையாளத் தாளாகக் கிடந்தது. நான் எடுத்து நீட்டும்போதெல்லாம் அண்ணன், "கரி பாதியில நிக்குது, இப்போ போனா அத்தோட போவணும். தண்ணி தெளியட்டும் நைனா. தெளிஞ்ச அன்னிக்கு நீ இன்னா சொல்றியோ அத்த கேக்கறேன்" என்பார்.

வைகாசி போனது. ஆனி வந்தது. தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. அண்ணன்தான் குறைந்துகொண்டு வந்தார். தோள் எலும்பில் கம்பளி நிற்காமல் சரிந்தது. நீராவி பிடித்தால் நல்லது என்று ஒருநாள் போர்வைக்குள் பானையை வைத்தோம். இருமி இருமி நீலமாகிப் போய், போர்வையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். "கொல்லப் பாக்கறீங்களா ரெண்டு பேரும்?" என்று சிரித்தார். சிரிப்பும் இருமலாகத்தான் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அன்று குளியல் இல்லை. மாலையில் தண்ணீரை வீணாக்காமல் முருங்கைக்கு ஊற்றலாம் என்று நான் தொட்டியைச் சாய்த்தேன். தெளிந்துகிடந்த தண்ணீர் அசைந்தது. அடியிலிருந்து அந்தக் கறுப்பு எழுந்து வந்தது. அதே கறுப்பு. யாரும் உட்காராத தண்ணீரில்.

சுவருக்கு அந்தப்பக்கம் எஞ்சின் ஒன்று பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் புகை வளைந்து எங்கள் புழக்கடைமேல் வந்து கரித்தூளை உதறிவிட்டுப் போனது. என் கையின்மேல் விழுந்தது. தினமும் விழுவதுதான். அதற்காகத்தான் சோற்றுப் பானையை மூடுகிறோம். அதற்காகத்தான் துணியை உள்ளே உலர்த்துகிறோம். தொட்டியை மட்டும் திறந்து வைத்தோம், திறந்து வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருந்ததால். அந்த வரியைக் கோத்தவன் நான்.

சொல்லியிருக்கலாம். உள்ளே போய், அண்ணா, அது எஞ்சின் கரி, உன் கரி உனக்குள்ளேதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாசற்படிவரை போனேன். "இன்னிக்கு ஒரு நாள் வுட்டுப் பூட்ச்சுடா" என்று அவர் குழந்தை மாதிரி வருத்தப்பட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. தண்ணீர் தெளிந்தால் நான் சொன்னதைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். தெளிய வைத்துவிட்டால்? அச்சகத்தில் காகிதக் கட்டுகளைச் சுற்றிவந்த தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் தொட்டியை மூடுவேன். பகலில் அவர் படுக்கையை விட்டுப் புழக்கடைக்கு வருவதில்லை; மாலையில் குளிக்க வருவதற்கு முன் எடுத்துவிடுவேன். ஒரே நாளில் தெளிந்தால் சந்தேகம் வரும் என்று முதல் நாள் பாதியை மட்டும் மூடினேன். மறுநாள் முக்கால். நான்காம் நாள் முழுக்க. என் சொந்த அண்ணனை ஏமாற்ற அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தேன்.

நான்காம் நாள் அண்ணன் தேய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவர் இரண்டு கையாலும் அள்ளி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விரலிடுக்கில் ஒழுகி முடியும்வரை பார்த்தார்.

"முட்ஞ்சிச்சு" என்றார்.

சீட்டு என் சட்டைப்பையில் தயாராக இருந்தது. எடுத்தேன். "அண்ணா, தெளிஞ்சா நான் சொல்றதக் கேக்கறேன்னு சொன்னே. நாளைக்கே கிளம்பணும்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை. பாசம்தான் இருந்தது. "பைத்தியக்காரா, கரியெல்லாம் பூட்ச்சுன்னு உன் புஸ்தகமே சொல்லுது. இனிமே ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? நல்லா கீறவன் இன்னாத்துக்குப் படுக்கணும்? திங்கக்கெழமை கப்பல் வர்தாம். மேஸ்திரி கையில நாளைக்கே பேர் குடுத்துடறேன்."

அப்போது சொன்னேன். தார்ப்பாயைச் சொன்னேன், எஞ்சின் புகையைச் சொன்னேன், தார்ப்பாயையே இழுத்துக்கொண்டு வந்து அவர்முன் விரித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"என்னிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னா கத வேணா கட்டுவே நீ. டபாய்க்காதடா. என் கரிய நான் கண்ணால பாத்தேன்."

அண்ணி அடுப்படியில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், சாட்சிக்கு. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு, அவர் தூங்கியதும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "தார்ப்பாய நான் மொத நாளே பாத்தேன் தம்பி" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் பூடுவாருன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இப்போ நானும் சேந்து சொன்னா, ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கினோம்னுதான் நெனப்பாரு."

திங்கட்கிழமை விடியுமுன் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. குழாயடியில் அந்தப் பக்கத்து வீட்டம்மா, "இன்னா ராஜா, வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று கேட்டது எங்கள் வீடுவரை கேட்டது. "பின்ன? சுத்தமாயிட்டேன்ல" என்றார்.

நாலு நாள் கூடை சுமந்தார். ஐந்தாம் நாள் கப்பலுக்குப் போட்ட பலகையில் ஏறும்போது உட்கார்ந்துவிட்டாராம். தோஸ்துகள் இரண்டு பேர் கைவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாயிலும் சட்டையிலும் சிவப்பு. சீட்டை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். ஆடி இரண்டு நாள் முன்பே பிறந்திருந்தது. இனி எப்போது படுக்கை கிடைக்கும் என்று கேட்டதற்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அவர் காத்திருக்கவில்லை.

குளிப்பாட்ட எட்டுக் குடம் வந்தது. யாரும் போய்க் கேட்கவில்லை. நாலு வீட்டாரும் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். புழக்கடையில் அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான் அவரைக் கிடத்தினார்கள். நான் ஊற்ற, அண்ணி மஞ்சள் தேய்த்துவிட்டாள். நாலு நாள் கரி அவர் மேல் இருந்தது. காதோரம், கழுத்து மடிப்பு, விரல் இடுக்கு.

தண்ணீர் சாக்கடைப் பக்கமாக ஓடியது. எல்லோரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றினேன்.