அது என்னுது சார்

எண்பதுகளில் வில்லியனூர் கடைத்தெருவில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பெண் ஒருவர் இருந்தார். ஒல்லியான உருவம், விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. எந்த ஒயரை முறுக்கினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார்.

நான் அப்போது அறிவியல் ஆசிரியர். புதுச்சேரிக் கண்காட்சிக்காக, விரலுக்கு ஒன்றாக பேட்டரியில் ஓடும் இரண்டு சின்ன மோட்டார்கள் வைத்து, இரண்டு விரல்களால் பொருளைப் பிடிக்கும் இரும்புக் கை ஒன்று செய்திருந்தேன். சுவிட்சைப் போட்டால் இரண்டு விரல்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மறுநாள் கண்காட்சி. அவரிடம் ஓடினேன்.

"தனித்தனி சுவிட்ச் வெச்சிடலாமாம்மா?"

"இன்னாத்துக்கு சார்? ஒரு மோட்டாரு எதிர்ப்பக்கம் சுத்தணும், அவ்ளோதான்."

ஒரு மோட்டாரின் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றி முறுக்கினார். சுவிட்சைப் போட்டேன். விரல்கள் நெருங்கி வந்து எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டன.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரும் கண்காட்சிக்கு வந்திருந்தார். பார்வையிட்ட அதிகாரி, "ஒரே சுவிட்ச்ல ரெண்டும் எதிரெதிரா வருதே! உங்க யோசனையா சார்?" என்று என் கையைக் குலுக்கினார்.

நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது என்னுது சார்!"

கூச்சமே இல்லாமல் முன்னால் வந்து, சுவிட்சைத் தானே போட்டுக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவர் நின்ற நிமிர்வை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதுதான் தெரியவில்லை.