பின்னக்காவும் நாலு கால் பிளக்கும்

மின்சாமான் கடையில் பதினாறு வருடமாக ஒரே மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்குப் பின்னக்கா என்று பெயர் வந்துவிட்டது. வெளிநாடு போகிறவர்கள் அவளிடம்தான் பிளக் அடாப்டர் வாங்குவார்கள். நாட்டைச் சொன்னால் போதும், நிமிராமலே சரியான இழுப்பறையைத் திறப்பாள். அவள் விமானத்தைத் தரையிலிருந்து மட்டுமே பார்த்தவள். ஆனாலும் எந்த நாட்டுச் சுவரில் எத்தனை ஓட்டை என்பது அவளுக்கு அத்துப்படி.

"இது கால மட்டும்தான் மாத்தும், கரண்ட மாத்தாது. உங்க மிஷின் அடியில எழுதியிருக்கறதப் படிச்சுப் பாருங்க" என்று தரையைப் பார்த்தே சொல்வாள். யார் முகத்தையும் பார்த்துப் பேச அவளுக்குக் கூச்சம். பிளக்கின் முனைக்குக் கடையில் கால் என்றுதான் பெயர்.

அப்படிப்பட்டவளுக்கே பயணம் வந்தது. வெளிநாட்டில் இருந்த கொழுந்தன், பத்து நாள் வந்து தங்கும்படி அண்ணனையும் அண்ணியையும் அழைத்திருந்தான். பயம் என்னவென்றால் கணவரின் குறட்டை. முன்பொரு முறை உறவுக்காரர் வீட்டில் தங்கியபோது, "தண்ணி மோட்டார நிறுத்த மறந்துட்டீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அன்றிலிருந்து கணவர் வெளியில் எங்கும் தங்குவதில்லை. பிறகு டாக்டர் மூக்கில் மாட்டும் மிஷின் ஒன்று கொடுத்தார். அது ஓடினால் சத்தமில்லை. ஓடாவிட்டால்? மானம் கப்பலேறும் என்பார்கள். இவர்களுடையது விமானமே ஏறிவிடும்.

மிஷின் அடியில் நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்றிருந்தது. ஆக, கால் மட்டும் பொருந்தினால் போதும். அங்கேதான் சிக்கல். அந்த நாட்டில் பழைய வீட்டுக்கு ஒரு மாதிரிக் கால், புது வீட்டுக்கு இன்னொரு மாதிரி. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் தடி அடாப்டரை அவள் விற்பாளே தவிர நம்பமாட்டாள். கனத்தில் அது சுவரிலிருந்து நழுவும். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நாங்க படுக்கற ரூம்ல எத்தனை கால்?"

"நாலு கால் அண்ணி."

"நாலா? உருண்டையா, தட்டையா?"

"உருண்டை. ஒண்ணு மட்டும் லேசா ஆடும். அட்டைய மடிச்சு வச்சிருக்கேன்."

"அட்டையா?"

"பயப்படாதீங்க. நூத்தம்பது வரைக்கும் தாங்கும்."

நூற்றைம்பது வோல்ட் என்று குறித்துக்கொண்டாள்.

கடையில் ரிப்பேர் பார்ப்பவர் தலையைச் சொறிந்தார். "நாலு கால் மாட்டுக்குத்தான் உண்டு பின்னக்கா." சொல்லிவிட்டு, இரண்டு அடாப்டரை ஒட்டவைத்துக் கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதப் பையில வச்சிக்கிட்டுப் போனீன்னா, ஏர்போர்ட்லயே உனக்குப் பத்து நாள் தங்க இடம் குடுப்பாங்க."

மறுபடி கேட்க வெட்கம். மூன்று நாள் தவித்துவிட்டு, "அந்த நாலு காலையும் போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி" என்று எழுதினாள். உடனே படம் வந்தது. ஒரு கட்டில். குப்புறக் கவிழ்த்து, நாலு காலும் நன்றாகத் தெரியும்படி எடுத்திருந்தான்.

சத்தமில்லாமல் சிரித்து முடித்தபின் சுவரைப் படம் எடுக்கச் சொன்னாள். மூன்று ஓட்டை. ஐந்தாவது இழுப்பறை. தீர்ந்தது.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கொழுந்தன் மனைவியான ஓரகத்தி கண்ணெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தாள்.

"எங்க சத்தம் ஏதாவது..." என்று பின்னக்கா இழுத்தாள்.

"சத்தம் இருந்தாத்தான் தேவலையே அக்கா. உங்க வீட்டுப் பெரியவரோட மூச்சே கேக்கல. கதவுகிட்ட மூணு தடவ வந்து நின்னேன். எங்க வீட்ல மூச்சுன்னா கேக்கும். இவரு சத்தம் நின்னாப் போச்சு, நான் எழுந்து உலுக்கிடுவேன்."

பின்னக்கா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இவனுக்குமா?" என்றார் கணவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

ஓரகத்தி பின்னக்காவின் கையைப் பிடித்தாள். "ராத்திரி மட்டும் அந்த மிஷினக் கழட்டி வச்சிருங்களேன் அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

பின்னக்கா தரையைப் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "பிளக்க மட்டும் கழட்ட மாட்டேன்மா. வேணும்னா நீ உள்ள வந்தே பாத்துக்க."

மிச்சமிருந்த ஒன்பது இரவும் அவர்கள் கதவைத் திறந்தே வைத்துப் படுத்தார்கள். பெரியவரின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, பத்து வரை எண்ணிவிட்டுத்தான் ஓரகத்தி படுக்கப் போவாள்.